ஓட்டோ கியர் மலைக்கு ஆகாதாம்

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கார் வாங்கப் போவதாக வாய் திறந்தால் போதும், ஆலோசனை ஓடி வரும். "மெனுவலாப் பார்த்து எடுங்க, ஓட்டோ கியர் நம்ம மலைக்குச் சரிவராது." சொல்பவர் சொந்தமாக ஒரு சைக்கிள்கூட வைத்திராதவராக இருக்கலாம், தோட்டத்துக் கொழுந்து லொறியை முப்பது வருடம் ஓட்டியவராகவும் இருக்கலாம். இருவரும் ஒரே குரலில்தான் சொல்கிறார்கள். நின்று கேட்டால் இன்னும் இரண்டு வரும். லட்சம் கிலோமீற்றர் தாண்டினால் கியர்பொக்ஸ் போய்விடும். ஓயிலை மாற்றப் போனால் இருக்கிற கியரும் போய்விடும், ஆகவே கைவைக்காமல் ஓட்டுங்கள்.

இந்த மூன்றும் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து நிற்பவை. மூன்றாவதை நம்பி ஓயிலை மாற்றாமல் விட்டவருக்கு இரண்டாவது பலிக்கிறது. அது பலித்ததைக் கண்ட பக்கத்து வீட்டார் முதலாவதைப் பரப்புகிறார். நடுவில் மலைக்கு என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை.

முதலில், எந்த ஓட்டோ கியர்? பழைய டவுன்ஏஸ் நோவாவிலும் கே.டி.எச் வேனிலும் இருப்பது டோர்க் கொன்வேட்டர் வகை. எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய்தான் விசையைக் கடத்தும். அக்ஸியோவிலும் ஜப்பான் வேகன் ஆரிலும் இருப்பது சி.வி.ரி. இரண்டு கூம்புக் கப்பிகளுக்கு நடுவே ஓர் உருக்குப் பட்டி. முதலாம் கியர் இரண்டாம் கியர் என்ற படிகளே அதில் கிடையாது. பிரியஸிலும் அக்குவாவிலும் பட்டியும் இல்லை, கிளச் தட்டும் இல்லை. இரண்டு மின்மோட்டர்களையும் எஞ்சினையும் பற்சக்கரத் தொகுதிதான் இணைக்கிறது. ஹொண்டா ஃபிட் ஹைபிரிட்டின் 2013க்குப் பிந்திய மாதிரியிலும் வெசல் ஹைபிரிட்டிலும் இரட்டை உலர் கிளச். செலேரியோ போன்ற சின்ன சுசுகிகள் சிலவற்றில் இருப்பதோ அச்சு அசலான மெனுவல் பெட்டி. கிளச் மிதிக்கும் வேலையையும் கியர் தள்ளும் வேலையையும் மட்டும் ஒரு சிறு பொறி செய்கிறது.

ஐந்துக்கும் நோய் வேறு, வைத்தியம் வேறு. இவற்றில் ஒன்று படுத்ததைப் பார்த்துவிட்டு ஐந்தையும் ஒரே வாயால் சபிப்பவரிடம், அவர் பார்த்தது எது என்றாவது கேட்டுக்கொள்ளுங்கள். பாதிப் பேருக்குப் பதில் இருக்காது. "அக்குவா ஒன்றில் கியர்பொக்ஸ் போச்சு" என்ற கதைகளைக் கொஞ்சம் துருவிப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் வெளிவருவது கியர்பொக்ஸ் இல்லை, வயதான ஹைபிரிட் பெற்றரி. இதே வகைப் பெட்டியோடு பிரியஸ் சந்தைக்கு வந்தது 1997இல். வழுக்குவதற்குப் பட்டியோ தேய்வதற்குக் கிளச் தட்டோ இல்லாத அந்தப் பெட்டியைப் பழுதாக்குவதற்கு மெனக்கெட வேண்டும்.

குற்றச்சாட்டில் உண்மை இருக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். இரட்டை உலர் கிளச் வகைக்காக நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. அந்த ஃபிட் ஹைபிரிட் 2013 செப்டம்பரில் ஜப்பானில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு ஒக்டோபருக்குள் அதையும் வெசலையும் ஹொண்டா ஐந்து தடவை திரும்ப அழைத்தது. அவற்றில் சில கியரைக் கட்டுப்படுத்தும் மென்பொருளுக்காகவே. நிறுவனத்தின் தலைவர் மூன்று மாதங்களுக்குத் தன் சம்பளத்தில் 20 சதவீதத்தைக் குறைத்துக்கொண்டார். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்கு ஏறும் வாகன வரிசையில், அடிக்கு அடி நின்று நகரும்போது உலர் கிளச் சூடேறும். கியர் கொதிக்கிறது, நிறுத்து என்று டேஷ்போர்டில் எச்சரிக்கை வரும். அந்த வண்டியை மலைக்கு வாங்காதே என்று ஒருவர் சொன்னால் எனக்கு மறுப்பில்லை. சி.வி.ரியின் கெட்ட பெயரும் காற்றில் வந்ததில்லை. நிசான் அமெரிக்காவில் தன்னுடைய 2003 முதல் 2010 வரையான சி.வி.ரி மாதிரிகளுக்கு உத்தரவாதத்தை 10 ஆண்டு அல்லது 120,000 மைல் என்று நீட்டிக்க வேண்டியிருந்தது. நல்ல பெட்டிக்காக எந்த நிறுவனமும் அப்படிச் செய்வதில்லை. ஆனால் அது குறிப்பிட்ட காலத்து, குறிப்பிட்ட நிறுவனத்தின் பெட்டி. அந்தப் பழியை 2015ஆம் ஆண்டு அக்ஸியோவின் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

அடுத்தது "இழுக்காது" என்ற புகார். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. டேர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 100 மீற்றருக்கும் சுமார் ஒரு சதவீத வலுவை இழக்கும் என்பது பொறியியலாளர்களின் நடைமுறைக் கணக்கு. கம்பளையில் முழு மூச்சோடு புறப்பட்ட 660 சீசீ எஞ்சின், லேபுக்கெலையைத் தாண்டும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மூச்சை இழந்திருக்கும். குறைந்தது காற்றுதான். அந்தக் குறையைச் சரிக்கட்ட சி.வி.ரி எஞ்சினை வேகமாகச் சுழலவிடுகிறது. நாலாயிரத்தில் முள் நிற்க, வண்டி மெதுவாக ஏறுகிறது. மெனுவலில் பழகிய காது இதைக் கேட்டதும் "கியர் வழுக்குது" என்கிறது. வழுக்குகிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. கால் ஒரே அழுத்தத்தில் இருக்கும்போது முள் மட்டும் திடீரென்று துள்ளி எழுந்தால், அல்லது வண்டி நடுக்கத்தோடு இழுத்தால், அது வழுக்கல். கால் அழுத்தியதற்கு முள் ஏறுவது அந்தப் பெட்டி தன் வேலையைச் செய்வது. இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல பெட்டியைக் கழற்றிய கராஜ்கள் உண்டு. கழற்றிய பிறகு அது நல்ல பெட்டியாக இருப்பதில்லை.

கட்டுநாயக்கவிலிருந்து சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு வரும் கே.டி.எச் வேன்களைக் கவனித்ததுண்டா? அவற்றில் பல ஓட்டோ கியர். கண்டி, றம்பொடை, நுவரெலியா, அங்கிருந்து எல்ல என்று ஆளும் மூட்டையுமாக ஓடிப் பிழைப்பவை. மலைக்கு ஆகாத கியரை வைத்துக்கொண்டு லீசிங் கட்டும் ஹயர்காரர் யாரும் இருக்க முடியாது. இன்னும் பின்னுக்குப் போனால், இலங்கைப் போக்குவரத்துச் சபை 1958இல் தொடங்கிய காலத்தையொட்டி லண்டனில் ஓடிக் கழித்த இரட்டைத்தட்டு பஸ்களை நூற்றுக்கணக்கில் வாங்கியது. அந்த ஆர்.ரி வகை பஸ்களில் எஞ்சினையும் கியரையும் இணைத்தது உராய்வுக் கிளச் இல்லை, எண்ணெய் நிரப்பிய சக்கரம். உள்ளே கோள்ப்பற்சக்கரங்கள். இன்றைய ஓட்டோ கியரின் தாத்தா முறை. எண்ணெயில் ஓடும் கியரைப் புதிதாக வந்த ஜப்பான் மாயம் என்று பயப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இனி ஓயில். விஷயமே இங்கேதான் இருக்கிறது.

ஓட்டோ கியரின் எண்ணெய் எஞ்சின் ஓயிலைப் போல வெறும் மசகு இல்லை. அதுதான் அழுத்தத்தைக் கடத்துகிறது, கிளச்சைப் பிடிக்க வைக்கிறது, சூட்டை வெளியே கொண்டுபோகிறது. 80, 90 பாகை செல்சியஸில் அது சுகமாக வாழும். அதற்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் அது கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மெதுவான ஏற்றத்தில் கொன்வேட்டர் பூட்டிக்கொள்ளாமல் எண்ணெயைக் கடைந்துகொண்டிருக்கும் நேரத்தில்தான் சூடு அதிகம். அப்படியென்றால் மலையில் எண்ணெய் சீக்கிரம் கெடும். அதைச் சீக்கிரம் மாற்ற வேண்டும். கணக்கு அவ்வளவுதான். "மலையில் கியர் சீக்கிரம் கெடும்" என்ற முடிவுக்குத் தாவுவதற்கு நடுவே எண்ணெயை மாற்றாத ஒரு மனிதர் தேவைப்படுகிறார்.

"ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லாத ஓயில்" என்று கார் கம்பனியே சொல்கிறதே என்பார்கள். ஆயுள் யாருடையது? ஜெர்மனியின் இசட்.எஃப் நிறுவனம் உலகின் பெரிய கார் கம்பனிகளுக்குக் கியர்பொக்ஸ் செய்து கொடுப்பது. அதன் பெட்டிகளைப் பொருத்திய கம்பனிகள் சில "மாற்றத் தேவையில்லை" என்று சொல்ல, பெட்டியைச் செய்த இசட்.எஃப்போ 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள், அல்லது எட்டு ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. ஜப்பான் கார்களின் பராமரிப்புக் கையேடுகளைப் பாருங்கள். ஓட்டத்தில் 30 சதவீதத்துக்கு மேல் மலைப்பாதை ஏற்ற இறக்கமாக இருந்தால் அது கடும் பாவனை, சேவை இடைவெளியைக் குறைக்க வேண்டும் என்று அவை வகுத்துவைத்திருக்கின்றன. பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனுக்கு வந்துபோகும் காருக்கு அந்தச் சதவீதம் என்ன? நூறு. ரீகண்டிஷன் வண்டியின் டேஷ்போர்ட் பெட்டிக்குள் அந்தப் புத்தகம் ஜப்பானிய மொழியில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கிறது. நமக்கு அது இன்சூரன்ஸ் துண்டைச் செருகி வைக்கும் இடம்.

மீற்றர் காட்டும் எண்ணை நம்புவது வேறு ஒரு பக்தி. ஜப்பானில் ஓடியது எவ்வளவு, இங்கே வந்து குறைந்தது எவ்வளவு என்று தெரியாத வண்டியில் "இன்னும் நாற்பதாயிரம்தான் ஓடியிருக்கு, ஓயில் மாத்த நேரம் வரல்ல" என்பதற்கு அர்த்தமே இல்லை. வாங்கிய கையோடு மாற்ற வேண்டும். அதன் பிறகு மலையில் ஓடும் சி.வி.ரிக்கு 40,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை என்பது என் கணக்கு. கஞ்சத்தனம் பார்க்காதவர்கள் இன்னும் முன்னதாகவே மாற்றட்டும்.

சரி, ஓயில் மாற்றியதும் கியர் போன கதைகள்? அவற்றை நான் பொய் என்று சொல்லவில்லை. நடந்த வரிசையைப் பாருங்கள். லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீற்றர் ஒரு சொட்டும் மாற்றவில்லை. வண்டி ‘டி’யில் போட்டதும் ஒரு நொடி தயங்கத் தொடங்குகிறது. ஏற்றத்தில் அதிர்கிறது. அப்போதுதான் கராஜுக்குப் போகிறார்கள், அப்போதுதான் எண்ணெய் கறுப்பாக, கருகிய வாடையோடு வெளியே வருகிறது. இரண்டு வாரத்தில் பெட்டி நின்றுவிடுகிறது. சாகக் கிடந்தவனுக்குக் கடைசி நேரத்தில் மருந்து ஊற்றிவிட்டு மருந்தால் செத்தான் என்ற கதைதான் இது. தேய்ந்த கிளச்சுகளுக்குப் பழைய எண்ணெயில் மிதந்த தூளே கொஞ்சம் பிடிப்பைக் கொடுத்திருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதற்காகத்தான் அப்படிப்பட்ட பெட்டியை மெஷின் வைத்து அழுத்திக் கழுவக்கூடாது. வடித்தால் வருவது உள்ளே இருப்பதில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோதான். மிச்சம் கொன்வேட்டருக்குள் தங்கிவிடும். வடித்த அளவை மட்டும் நிரப்பி, கொஞ்ச நாள் ஓட்டி, மறுபடி வடித்து நிரப்பினால் பெட்டி அதிர்ச்சியில்லாமல் தேறிக்கொள்ளும்.

என்ன எண்ணெய் என்பதில் நம் ஊர்க் கடைகள் செய்யும் பாவம் தனி. "ஓட்டோ கியர் ஓயில் எல்லாம் ஒண்ணுதான், சிவப்பா இருந்தாப் போதும்" என்று சி.வி.ரிக்குள் டெக்ஸ்ரோனை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். சி.வி.ரியில் உருக்குப் பட்டி உருக்குக் கப்பியைப் பற்றிக்கொள்ள வேண்டும். அதற்கேற்ற உராய்வைக் கொடுக்கும்படி அந்த எண்ணெய் தனியாகச் செய்யப்படுகிறது. மாற்றி ஊற்றினால் பட்டி நழுவும், கப்பியில் கீறல் விழும், அதன் பிறகு எந்த எண்ணெயும் உதவாது. டொயோட்டாவுக்கு ஒன்று, ஹொண்டாவுக்கு ஒன்று, நிசானுக்கும் சுசுகிக்கும் வேறு. நிறத்தைப் பார்க்காமல் டின்னில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். அளவு பார்ப்பதிலும் ஒரு நுணுக்கம். டிப் ஸ்டிக் இல்லாத பல டொயோட்டாப் பெட்டிகளில் எண்ணெய் 35 முதல் 45 பாகைக்குள் இருக்கும்போது, எஞ்சின் ஓட, மட்டம் பார்க்கும் ஆணியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஜனவரிக் காலையில், பத்துப் பாகைக் குளிரில், எஞ்சினை அணைத்துவிட்டு "புல்லா இருக்கு" என்று சொல்லும் பாஸ் தன் கண்ணை நம்புகிறார், பெட்டியை நம்பவில்லை.

பீலித் தண்ணீரையும் இந்தக் குற்றப்பத்திரிகையில் சேர்க்க வேண்டும். வீதியோரப் பீலியில் போத்தலைப் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றுவது நம் சாரதிகளின் பரம்பரைப் பழக்கம். பழைய லேலண்டுக்கு அது பெரிய பிழையில்லை. ஓட்டோ கியர் வண்டிகள் பலவற்றில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் வயிற்றுக்குள்ளேயே ஓடுகிறது. கூலன்ட் இல்லாத தண்ணீர் வருடக்கணக்கில் அரித்து அந்தக் குழாயில் பொத்தல் விழுந்தால், தண்ணீர் கியர் எண்ணெயில் கலந்து பால்தேநீர் நிறத்தில் வரும். பெட்டி அதோடு சரி. குற்றவாளியாக நிறுத்தப்படுவது என்னவோ ஓட்டோ கியர்தான்.

ஏற்றத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். மலைநாட்டில் உயிர் போவது இறக்கத்தில்.

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில், கொழும்பிலிருந்து பாடசாலை மாணவர்களை ஏற்றி வந்த பஸ் இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்து வேன் ஒன்றிலும் முச்சக்கர வண்டியிலும் மோதியதில் ஏழு பேர் இறந்தார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்பதே அன்று கேட்ட பேச்சு. நம் நாட்டு வீதிகளில் ஓடும் லேலண்ட், டாட்டா பஸ்கள் மெனுவல் கியர் கொண்டவை. மெனுவல் என்பதாலேயே பிரேக் சூடாகாமல் இருந்துவிடாது. எந்தப் பெட்டியானாலும் கீழ்க் கியரில் போட்டு எஞ்சினையே பிடித்து நிறுத்தும்படி செய்யாவிட்டால், லைனிங் காய்ந்து கைவிடும். ஓட்டோ கியரிலும் அதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். ‘எஸ்’, ‘பி’ (B), ‘எல்’, ‘2’ என்று வண்டிக்கு வண்டி எழுத்து மாறும். வாங்கிய நாள் முதல் ‘டி’யைத் தவிர வேறு எழுத்தைத் தொடாத சாரதிகளை எனக்குத் தெரியும். அவர்களே "ஓட்டோ கியரில் இறக்கத்தில் பிடிப்பு இல்லை" என்றும் சொல்கிறார்கள்.

ஹைபிரிட் வண்டிக்கு இது இன்னும் முக்கியம். நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறக்கம் சுமார் 1,400 மீற்றர். ஆட்களோடு 1,300 கிலோ எடையுள்ள அக்குவா அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிவிடும் சக்தி ஏறக்குறைய 5 கிலோவாட் மணி. டயரும் காற்றும் பெரும் பங்கைத் தின்றுவிட்டாலும் மிச்சம் கொஞ்சமில்லை. அதன் பெற்றரியின் முழுக் கொள்ளளவே ஒரு கிலோவாட் மணிக்குக் குறைவு. அதிலும் ஒரு பகுதிக்கு மேல் கணினி நிரப்பவிடாது. றம்பொடை வருமுன்னரே பெற்றரி நிரம்பிவிட, மின்சாரத்தால் பிடித்துக்கொண்டிருந்த பிரேக் கையை விரித்துவிடும். ‘பி’யில் (B) போட்டால் மோட்டர் எஞ்சினைச் சுழற்றி அந்தச் சக்தியைச் செலவழிக்கிறது. எஞ்சின் பெருஞ்சத்தம் போடும். இறக்கத்தில் கால் எடுத்திருக்கும்போது எஞ்சின் கத்தினால் கியர்பொக்ஸ் வெடிக்கப்போகிறது என்று பயந்து திரும்ப ‘டி’க்கு மாற்றுகிறார்கள். காப்பாற்ற வந்த சத்தத்தை நோய் என்று நினைக்கிறார்கள்.

பெற்றோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் கணக்குப் பிழை. இன்றைய எஞ்சின், கியரில் இருக்கக் கால் எடுத்த இறக்கத்தில், எரிபொருளை முற்றாக நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாதிருக்கப் பெற்றோல் எரிக்கும். 2022 தட்டுப்பாட்டுக் காலத்தில் பழகியவர்கள் பலர் இன்னும் விடவில்லை.

கயிற்றையும் சொல்ல வேண்டும். வழியில் நின்றுபோன ஓட்டோ கியர் காரை, நியூட்ரலில் போட்டு, கயிறு கட்டி ஹட்டன் வரை இழுத்து வருவார்கள். எஞ்சின் ஓடாவிட்டால் கியர்பொக்ஸின் எண்ணெய்ப் பம்பும் ஓடாது. சக்கரம் சுழலச் சுழல உள்ளே உலர்ந்த உலோகம் உரசும். புறப்படும்போது பழுது வெறும் சென்சராக இருந்திருக்கலாம். வந்து சேரும்போது பெட்டி போயிருக்கும். லயத்துக்கு மேலே, பங்களாவுக்குக் கீழே என்று எங்கும் சரிவில் நிறுத்துகிற நாம், ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் பார்க்கில் (P) மட்டும் விட்டுப்போவதும் இப்படித்தான். வண்டியின் முழுப் பாரத்தையும் விரல் அளவு கொக்கி ஒன்று தாங்கிக்கொண்டு நிற்கிறது.

மெனுவல்காரர்களின் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் எப்போதும் காணாமல் போகிறது. மலையில் கிளச் தட்டு எத்தனை தடவை மாற்றினீர்கள் என்று கேட்டால், "அது சாதாரண வேலைதானே" என்பார்கள். மல்லியப்பூச் சந்தியில் ஏற்றத்தில் நின்று, அரைக் கிளச்சில் தொங்கி, லொறி வழிவிடும் வரை தட்டைக் கருக்குவது அவர்களுக்குப் பழுது இல்லை, பராமரிப்பு. ஓட்டோ கியருக்கு நாலு லீற்றர் எண்ணெய் மாற்றுவது மட்டும் அநியாயச் செலவு. ஒரே தராசில் இரண்டையும் வைத்துப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எதிர்த்தரப்பில் எனக்கு மரியாதையுள்ள வாதம் ஒன்றே ஒன்று: பழுதானால் இங்கே பார்க்க ஆள் இல்லை, கண்டிக்கோ கொழும்புக்கோ ஏற்றி அனுப்ப வேண்டும். உண்மை. ஆனால் அது கியர்பொக்ஸின் குறை இல்லை, நம் கராஜ்களின் குறை. கராஜ்களின் குறை என்பதும் பாதிதான். கைத்தொழில் படிக்க வேண்டிய பையன்கள் கொழும்புக் கடைகளில் சாக்குத் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஹட்டன் பூல்பேங்க் தொழிற்பயிற்சி நிலையத்துக்கு யார் பெயர் என்று நடந்த அரசியலில் பாதியளவு, அங்கே என்ன கற்பிக்கப்படுகிறது என்பதற்கு நடந்ததாக எனக்கு நினைவில்லை. கியரின் எண்ணெய்ச் சூட்டைக் கணினியில் வாசிக்கவும், பழுதுக் குறியீட்டைப் புரிந்துகொள்ளவும், டின்னில் உள்ள எழுத்தைப் படித்து ஊற்றவும் ஒருவனுக்குக் கற்றுக்கொடுப்பது ரொக்கட் கட்டுவது இல்லை.

2025 பெப்ரவரி முதலாம் திகதி இறக்குமதித் தடை நீங்கியதிலிருந்து கார்கள் மறுபடி துறைமுகத்தில் இறங்குகின்றன. ஜப்பானிலிருந்து வருபவற்றில் மெனுவலைத் தேடிப்பிடிப்பதே பாடு. ஓட்டோ வேண்டாம் என்ற அறிவுரை மலையில் உள்ளவரை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்றால், இருபது வருடப் பழசில், இன்னும் பலவீனமான பிரேக்கில், காற்றுப்பை இல்லாத வண்டியில். அதே பணத்துக்கு 2014 அக்ஸியோ ஒன்று கிடைத்தால் நான் கேட்கும் கேள்விகள் மூன்று. கியர் ஓயில் கடைசியாக எப்போது மாற்றினது, டின்னில் என்ன எழுதியிருந்தது, ரேடியேட்டரில் இருப்பது கூலன்டா பீலித் தண்ணீரா. விற்பவருக்கு மூன்றுக்கும் பதில் இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் விலையில் ஒரு கியர்பொக்ஸைக் கழித்துக்கொண்டு பேசலாம்.